மூன்று ரூபாய் வாஷர்

கொல்லைக் குழாய் சொட்டுகிறது.
மார்கழியில் சொன்னாள் அமுதவல்லி.
இப்போது சித்திரை.
ஒரு வாஷர், மூன்று ரூபாய், பத்து நிமிஷம்.
ஞாயிறு காலை ஏழு மணிக்குக்
கைலியை மடித்துக் கட்டினேன்.

குழாயைக் கழற்ற
மொட்டைமாடி வால்வை அடைக்க வேண்டும்.
வால்வு துருவேறிப்போய்
தலைத்தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி
அசைய மாட்டேன் என்கிறது.
சரி, தொட்டியையே காலி செய்துவிடலாம்.
ஜெய்ஹிந்த்புரத்தில் தண்ணீரைத் தரையில் விட
எவனுக்கு மனசு வரும்?
நாளை மறுநாள்தான் கார்ப்பரேஷன் தண்ணி.
பிடித்து வைக்க வேண்டும்.
எட்டுக் குடம், நாலு வாளி,
பத்தாததற்கு அந்தப் பெரிய அண்டா.

அண்டாவுக்குள் இரண்டு வருஷத்துப் பேப்பர்.
அப்படியே எடைக்குப் போட்டுவிட முடியாது.
கரண்டு பில் அட்டை
அதற்குள்தான் எங்கேயோ இருக்கிறது என்று
போன ஆவணியிலிருந்து ஒரு நம்பிக்கை.

உட்கார்ந்து
ஒவ்வொரு தாளாக உதறினேன்.
அட்டை விழவில்லை.
ஜெபராஜின் புதுவீட்டுப் பிரதிஷ்டை அழைப்பிதழ் விழுந்தது.
திருநகர், தை மாதம், மாலை ஐந்து மணி.
பதினோரு வருஷம் பக்கத்து மேசையிலிருந்து
என் டிபன் பாக்ஸுக்குள் கைவிட்டுத் தின்றவன்.
நான் போகவில்லை.
ஏன் போகவில்லை என்று யோசித்தால்
அன்றைக்கும் ஏதோ ஒரு சின்ன வேலையை
முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் இருந்தேன்.

இப்போதே கூப்பிட்டுவிடலாம்.
போனில் சார்ஜ் இரண்டு சதவீதம்.
பிளக் பாயிண்ட் ஆடுகிறது,
ஒரு திருகு முடுக்கினால் போதும்.
திருப்புளி தவசியண்ணன் வீட்டில்.

தவசியண்ணன் மாடியில் இருந்தார்,
பனியனோடு, நெற்றியில் கிரீஸோடு,
சைக்கிள் செயினைக் கழற்றிச் சாக்கில் பரப்பிக்கொண்டு.
"ஒரு ஆணி அடிக்கலாம்னுதான்யா
காலைல எந்திரிச்சேன்.
இங்குட்டு வந்து கெடக்கேன்."
ஆணிக்கும் செயினுக்கும் என்ன சம்பந்தம் என்று
நான் கேட்கவில்லை.
என் கையில் எதற்கு அழைப்பிதழ் என்று
அவரும் கேட்கவில்லை.
"ஒங்க ஏணி கெடைக்குமா?" என்றார்.
எங்கள் ஏணி பரண்மேல் இருக்கிறது.
இறக்க ஏணி வேண்டும்.

தெருவும் அப்படித்தான் கிடக்கிறது.
குழாய் பதிக்கத் தோண்டினார்கள்,
குழாய் வரும்வரை மூடினார்கள்,
மூடிய மேட்டில் லாரி ஏறாதென்று
எதிர்ப்பக்கம் தோண்டியிருக்கிறார்கள்.
பலகையில் கால்வைத்துத் தாண்டி
தெற்கு மாசி வீதிக்குப் போய்ச் சேர்ந்தபோது
சாயங்காலம் நாலரை.
பாதி ஷட்டர் இறக்கிய ஒரே ஒரு கடை.

பையன் போனிலிருந்து முகத்தை எடுக்காமல்
"அரையா, முக்காலா?" என்றான்.
தெரியலையே தம்பி.
"பழசைக் கழட்டிக் கொண்டாங்கண்ணே,
பாத்துத் தந்துரலாம்."

வந்ததற்கு ஒரு பூட்டு வாங்கினேன்.
எதற்கென்று இன்னும் தெரியவில்லை.

இரவு.
கூடம் முழுக்கப் பேப்பர், நடக்க ஒற்றையடிப் பாதை.
ஜெபராஜுக்கு இன்னும் கூப்பிடவில்லை,
ஒன்பதரை ஆகிவிட்டது, தூங்கியிருப்பான்.
பகலில் காதில் விழாத சொட்டு
இப்போது தலைமாட்டில் விழுகிறது.

அமுதவல்லி எழுந்தாள், விளக்கைப் போட்டாள்,
பூக்கட்டும் நூல்கண்டைக் கொண்டுவந்து
ஒரு முனையைக் குழாய்மூக்கில் சுற்றி முடிந்தாள்,
மிச்சத்தை வாளிக்குள் இறக்கினாள்.
தண்ணீர் நூலைப் பிடித்துக்கொண்டு
சத்தமில்லாமல் இறங்கிப் போனது.

"இரு, கத்தரி எடுத்துட்டு வர்றேன்."
கத்தரி தையல் மிஷின் பெட்டிக்குள்.
பெட்டிச் சாவி,
அது வந்து,

அவள் நூலைப் பல்லால் கடித்தாள்.